ஒஹையோ அம்மாவின் ஊறுகாய்!

போன வாரம் வேளச்சேரியில் ஒரு சூப்பர் மார்க்கெட். தினம் ஜிம்முக்குப் போகிற உடம்பு, கழுத்தில் ஆபீஸ் அடையாள அட்டை, முகத்தில் குழப்பம். இப்படியாக ஓர் இளைஞர் ஒரு கிலோ டப்பாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, அலமாரி அடுக்குகிற பையனிடம் கேட்டார்:

"பாஸ், இதை எதோட சாப்பிடறது?"

டப்பாவில் இருந்தது பீநட் பட்டர். பையன் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். ரொம்ப யோசித்து, "ஸ்பூனோட சார்" என்றான்.

மற்ற நாளாக இருந்தால் சிரித்துவிட்டு, துவரம்பருப்பு விலையைப் பார்த்து அழுவதற்கு அடுத்த வரிசைக்குப் போயிருப்பேன். அன்றைக்கு நகர முடியவில்லை. ஏனென்றால் அந்தக் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். எட்டு வாரம் உட்கார்ந்து படித்திருக்கிறேன். சொல்லிக்கொடுத்தது ஓர் அமெரிக்க அம்மா. ஃபீஸ் எவ்வளவு என்கிறீர்களா? அந்த அம்மாவின் வேலை!

புரியவில்லையா? எனக்கே அப்போது புரியவில்லை. முதலிலிருந்து வருகிறேன்.

* * *

நான் பி.காம். (பெருமைக்காகச் சொல்லவில்லை. கல்யாணப் பத்திரிகையில் போட்டார்கள், அதோடு சரி.) மூன்று வருஷப் படிப்பில் மண்டையில் தங்கியது ஒரே ஒரு விதி. எந்தப் பற்றுக்கும் எதிரே ஒரு வரவு இருந்தாக வேண்டும். இல்லாவிட்டால் கணக்கு டேலி ஆகாது. இந்த ஒரு விதியை மூலதனமாக வைத்துக்கொண்டு, 2012-ல் பழைய மகாபலிபுரம் சாலையில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலைக்குச் சேர்ந்தேன். சாயங்காலம் ஆறரை மணிக்கு 'குட் மார்னிங்' சொல்கிற வேலை.

அமெரிக்காவில் ஒரு மளிகை நிறுவனம். அதற்கு வருகிற பில்களை நாங்கள் இங்கிருந்து சரிபார்த்துப் பணம் பட்டுவாடா பண்ண வேண்டும். மற்றவர்கள் அமெரிக்காவை சினிமாவில் பார்த்தார்கள். நான் பில்லில் பார்த்தேன். எந்த ஊரில் என்ன மாவு, எந்த மாசத்தில் எத்தனை பெட்டி தக்காளி சாஸ், எல்லாம் அத்துப்படி. சுதந்திர தேவி சிலை எந்தப் பக்கம் பார்த்து நிற்கிறது என்று கேட்டால் மட்டும் தெரியாது.

அதில் ஒரு விஷயம் கவனித்தேன். பீநட் பட்டர் வாங்குகிற கிளையெல்லாம் கூடவே 'கிரேப் ஜெல்லி'யும் வாங்கின. எனக்குத் தெரிந்த ஜெல்லி, கல்யாண ரிசப்ஷனில் ஐஸ்க்ரீமுக்குப் பக்கத்தில் சிவப்பாக நடுங்கிக்கொண்டு நிற்குமே, அதுதான். அதை இரண்டு ரொட்டிக்கு நடுவே வைத்துக் கடித்தால் எதிர் சீட்டுக்காரன் சட்டையில் அல்லவா போய் விழும்? எப்படித்தான் சாப்பிடுகிறார்களோ என்று கவலைப்பட்டேன். சம்பளத்துக்கு வெளியே கவலைப்படுவது என் பிறவிக் குணம்.

2013 ஜனவரியில், அந்த நிறுவனத்தின் இன்னொரு பிரிவு வேலையும் சென்னைக்கு வருகிறது என்றார்கள். அங்கே அதைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் எங்களுக்கு எட்டு வாரம் போனில் பாடம் எடுப்பார்களாம். இதற்கு 'நாலெட்ஜ் டிரான்ஸ்ஃபர்' என்று பெயர். அப்படித்தான் எனக்குக் குருவாக வாய்த்தார் ஒஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊரிலிருந்து ஓர் அம்மா. ஐம்பத்தெட்டு வயசு. பேர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னார். அம்மா வயசுக்காரரைப் பேர் சொல்ல நமக்கு நாக்கு வருமா? கடைசி வரை 'மேடம்'தான்.

* * *

அவருக்கு மத்தியானம் பன்னிரண்டு மணி என்றால் எனக்கு ராத்திரி பத்தரை. சீட்டை விட்டு எழுந்திருக்காமலே சாப்பிடுவார். போனும் காதிலேயே இருக்கும். ஒரு வியாழக்கிழமை, பாடத்துக்கு நடுவே ஹெட்போனில் 'கறுக் முறுக்' என்று ஒரு சத்தம். கம்ப்யூட்டர்தான் கோளாறு என்று நினைத்து மேசையைத் தட்டிப் பார்த்தேன்.

"என்ன மேடம் சத்தம்?"

"மன்னிச்சுக்கோ. என் சாண்ட்விச். பீநட் பட்டரும் பிக்கிளும்."

பிக்கிள்! எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. ஆகா, ஒஹையோவில் ஒரு ஜீவன் ஊறுகாய் தொட்டுக்கொள்கிறதே! மறுநாள் மத்தியானமே அறைக்குப் பக்கத்துக் கடையில் முன்னூறு ரூபாய்க்கு பீநட் பட்டர் வாங்கினேன். ரொட்டியில் தடவினேன். மேலே, ஊரிலிருந்து அம்மா கொடுத்தனுப்பிய மாங்காய் ஊறுகாயைத் தாராளமாகப் பரப்பி, கண்ணை மூடிக்கொண்டு ஒரு கடி.

வாய்க்குள் செக்கு ஓடியது சார். கீழே கடலை எண்ணெய், மேலே நல்லெண்ணெய், நடுவில் என் நாக்கு. கடலை மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மிளகாய்த்தூள் அதன்மேல் ஒட்டிக்கொண்டது. தண்ணீர் குடித்தால் இரண்டும் இறங்க மாட்டேன் என்றன. (பீநட் பட்டர் மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளுமோ என்ற பயத்துக்கே இங்கிலீஷில் ஒரு பெயர் இருக்கிறது: அராக்கிபியூட்டிரோஃபோபியா. வாயில் ஒட்டிக்கொண்டிருக்கும்போது இதைச் சொல்லிப் பாருங்கள்.)

அன்று ராத்திரி மரியாதைக்கு, "மேடம், உங்க சாண்ட்விச் பிரமாதம். ஆனா கண்ணுல தண்ணி வருது" என்றேன்.

"பிக்கிள்ல ஏன் கண்ணுல தண்ணி வருது?"

"காரம் மேடம்."

"பிக்கிள்ல ஏது காரம்?"

பத்து நிமிஷம் இந்த விசாரணை நடந்தது. அத்தனையும் தர மேம்பாட்டுக்காகப் பதிவு செய்யப்பட்டது. கடைசியில்தான் விளங்கியது. அங்கே பிக்கிள் என்றால் வெள்ளரிப் பிஞ்சு. உப்பும் வினிகரும் கலந்த தண்ணீரில் பூண்டு, சோம்புக் கீரை மாதிரி ஒரு தழை, எல்லாம் போட்டு ஊறவைப்பார்கள். சொட்டு எண்ணெய் கிடையாது. புளிப்பு, உப்பு, நறுக்கென்ற கடி, அவ்வளவுதான். சிரித்துச் சிரித்து அந்த அம்மாவுக்குப் புரை ஏறியது. அப்படியே ஜெல்லியையும் கேட்டுத் தெளிந்தேன். அங்கே ஜெல்லி என்றால் பழச்சாற்றை மட்டும் வடிகட்டிக் காய்ச்சிய ஜாம். நடுங்காது.

"உனக்கு இன்வாய்ஸுக்கு முன்னாடி சாண்ட்விச் சொல்லித் தரணும்" என்றார். தந்தார்.

* * *

அவர் சொன்னதை என் பி.காம். மூளை இப்படிப் புரிந்துகொண்டது.

வேர்க்கடலையில் கிட்டத்தட்டப் பாதி எண்ணெய். வறுத்து அரைத்த விழுதில் தண்ணீர் என்பது பேருக்குத்தான். அதனால்தான் வாய்க்குள் போனதும் எச்சிலை உறிஞ்சிக்கொண்டு ஒட்டிக்கொள்கிறது. கனம், எண்ணெய், உப்பு, பிசுக்கு. இது பற்று. எதிர்ப்பக்கத்தில் வரவு வைக்க வேண்டியது, அதனிடம் இல்லாத சரக்கு: ஈரம், புளிப்பு, இனிப்பு, கொஞ்சம் கடிபடுகிற தன்மை. ஜெல்லியில் ஈரமும் புளிப்பும் இனிப்பும் இருக்கின்றன. டேலி! பிக்கிளில் ஈரம், புளிப்பு, கடி. டேலி! நான் போட்ட மாங்காய் ஊறுகாயில் புளிப்பு இருந்தும் எண்ணெய்க்கு எதிரே எண்ணெய் போட்டுவிட்டேன். பற்றுக்கு எதிரே பற்று. ஆடிட்டர் விடுவாரா?

தடவுகிற முறையும் சொன்னார். ஜெல்லியை ரொட்டியில் நேராகத் தடவக் கூடாது. மத்தியானத்துக்குள் ரொட்டி நனைந்து துவண்டுவிடும். இரண்டு ரொட்டியிலும் பீநட் பட்டர் தடவி, ஜெல்லியை நடுவில் வைக்க வேண்டும். எண்ணெய் தண்ணீரை அண்ட விடாது. காலையில் கட்டியது மத்தியானம் வரை தாங்கும். இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா? இந்த மாதிரி ஜெல்லியை பீநட் பட்டருக்குள் பொதிந்து, ஓரத்தை வெட்டி ஒட்டிய சாண்ட்விச்சுக்கு அமெரிக்காவில் 1999-ல் காப்புரிமையே கொடுத்திருக்கிறார்கள்! வைத்திருந்தது ஒஹையோவின் ஸ்மக்கர்ஸ் கம்பெனி. அது போதாது, இன்னும் விரித்துக் கொடுங்கள் என்று கேட்டபோதுதான் 2005-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் கையை விரித்தது. நல்லவேளை, கொழுக்கட்டை விஷயம் அவர்கள் காதில் விழவில்லை.

* * *

அந்த அம்மா வருஷமெல்லாம் சொல்லவில்லை. "எங்க பாட்டி காலத்துல", "எங்கம்மா சின்னப் பொண்ணா இருக்கும்போது" என்றுதான் சொல்வார். வருஷங்களை நான் பிற்பாடு தேடிப் பிடித்தேன்.

கடலையை அரைத்து விழுதாக்குவதற்கு 1884-ல் காப்புரிமை வாங்கியவர் மான்ட்ரியல்காரர் எட்சன். 1890-களில் மிச்சிகனில் டாக்டர் கெல்லாக் (ஆமாம், கார்ன்ஃபிளேக்ஸ் குடும்பம்தான்) தன் சுகவாச ஆஸ்பத்திரியில் மாமிசத்துக்குப் பதிலாகக் கொட்டை விழுதுகளைக் கொடுத்தார். கடலையும் ஜெல்லியும் ஜோடி சேர்ந்த, நமக்குக் கிடைக்கிற முதல் செய்முறைக் குறிப்பு 1901-ல் பாஸ்டனிலிருந்து வந்த ஒரு சமையல் பத்திரிகையில் இருக்கிறது. எழுதியவர் ஜூலியா டேவிஸ் சாண்ட்லர். மூன்று மெல்லிய ரொட்டி, இரண்டு பூச்சு. ஒன்று கடலை, இன்னொன்று ஜெல்லி.

அப்போது அது பெரிய இடத்துப் பண்டம். நியூயார்க் டீ ரூம்களில் கையுறை போட்ட சீமாட்டிகள் கொறித்தது. ஏழை வீட்டுக்கு வந்தது எப்படி? மூன்று படி. முதல் உலகப் போர்ச் சமயத்தில் வெல்ச் கம்பெனி திராட்சை ஜாம் ஒன்றைக் கண்டுபிடிக்க, முதல் சரக்கு முழுவதையும் ராணுவமே வாங்கிக்கொண்டது. போர் முடிந்து திரும்பிய சிப்பாய்கள் அதே ஜாமை வீட்டிலும் கேட்டார்கள். 1922-ல் ரோஸ்ஃபீல்ட் என்பவர் எண்ணெய் தனியே மிதக்காமல் விழுதோடு நிற்கிற வழி கண்டார். டப்பா கெடாமல் நாளாக நின்றது. 1928 ஜூலை 7-ந் தேதி மிசௌரியில் சில்லிக்கோத்தி என்ற ஊரில், மெஷின் துண்டு போட்ட ரொட்டி முதல் முறையாக விற்பனைக்கு வந்தது. கத்தியே வேண்டாம். குழந்தை தானே சாண்ட்விச் செய்துகொள்ளலாம்.

மறு வருஷம் பங்குச் சந்தை குப்புற விழுந்தது. நாடு முழுக்க வேலை போனது. கறி வாங்கக் காசில்லாத வீட்டில் வயிறு ரொம்பியிருக்கச் செய்த சரக்கு இந்தக் கடலை விழுது. ஜெல்லிக்கு வழியில்லாத வீட்டில் பிக்கிள். பிக்கிளும் இல்லாவிட்டால் மயோனைஸ், வெங்காயம், எது கிடைத்ததோ அது.

"எங்கம்மா ஸ்கூலுக்கு பிக்கிள் சாண்ட்விச்தான் எடுத்துட்டுப் போவாங்க. தோட்டத்துல வெள்ளரி காச்சுது, வினிகர் மலிவு. மத்தப் பிள்ளைங்க ஜெல்லி கொண்டுவந்தா, இவங்க திரும்பி உட்கார்ந்து சாப்பிடுவாங்களாம். நான் வேலைக்கு வந்து நல்ல சம்பளம் வாங்கின அப்புறமும் வியாழக்கிழமை அதான் சாப்பிடறேன்" என்றார்.

எனக்கு எங்கம்மா ஞாபகம் வந்தது. திண்டிவனம் பக்கம் எங்கள் ஊரில் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். மணிலாக்கொட்டை தேய்ந்து மல்லாட்டை ஆனது. தென் அமெரிக்காவில் பிறந்த செடி, பேரில் பிலிப்பைன்ஸைச் சுமந்துகொண்டு எங்கள் கொல்லையில் வேர் விட்டிருக்கிறது. எங்கள் வீட்டில் மல்லாட்டைச் சட்னி என்றால் அன்றைக்குத் தேங்காய் வாங்கக் காசில்லை என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர் கேட்டால் அம்மா, "பசங்களுக்கு இதான் புடிக்கும்" என்பாள். எங்களுக்குப் பிடித்தும் போய்விட்டது.

அந்த முன்னூறு ரூபாய் டப்பாவை ஊருக்கு எடுத்துப் போய்க் காட்டினேன். விரலால் தொட்டு நக்கிப் பார்த்தாள்.

"மல்லாட்டைதானேடா?"

"ஆமாம்மா."

"தாளிக்கவே இல்லையே?"

அமெரிக்காவின் நூறு வருஷ சாதனையை மூன்றே சொல்லில் முடித்துவிட்டாள்.

* * *

மற்ற ஜோடிகளையும் வரிசையாகச் சொல்லி விடுகிறேன். வாரம் முழுக்க ஒன்றையே சாப்பிட நாம் என்ன ஹாஸ்டலிலா இருக்கிறோம்?

வாழைப்பழம்: எல்விஸ் பிரெஸ்லிக்கு உயிர். பீநட் பட்டரும் வாழைப்பழமும் வைத்து வெண்ணெயில் வாட்டித் தின்பார். 1976-ல் ஒரு ராத்திரி இன்னொரு சாண்ட்விச்சுக்காக மெம்ஃபிஸிலிருந்து டென்வருக்குச் சொந்த விமானத்திலேயே போனார். ஒரு முழு ரொட்டி, ஒரு ஜாடி பீநட் பட்டர், ஒரு ஜாடி ஜெல்லி, அரைக் கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாகப் பன்றி இறைச்சி. ஒரு சாண்ட்விச்சில்! நாம் பஸ்ஸில் போய் ஒரு டஜன் பூவன் பழம் வாங்கினால் போதும்.

தேன்: சுலபம். ஈரம் குறைவு, புளிப்பு இல்லை. என் கணக்கில் பாதி டேலி. ஓர் எலுமிச்சைச் சொட்டு விட்டால் முழு டேலி.

ஃப்ளஃப்: மார்ஷ்மெல்லோ மிட்டாயைக் குழைத்த வெள்ளைப் பஞ்சு. 1917-ல் மாசசூசெட்ஸில் சாமர்வில் என்ற ஊரில் ஆர்ச்சிபால்ட் குவெரி என்பவர் செய்து வீடு வீடாக விற்றது. பீநட் பட்டரோடு சேர்ந்தால் ஃப்ளஃபர்நட்டர். 2006-ல் அந்த மாநில சட்டமன்ற மேலவை உறுப்பினர் ஒருவர், பள்ளிக்கூடத்தில் இதைக் குறைக்க வேண்டும் என்று கிளம்பினார். உடனே இன்னொரு உறுப்பினர், இதை மாநிலத்தின் அதிகாரபூர்வ சாண்ட்விச்சாக அறிவிக்க வேண்டும் என்று கிளம்பினார். இரண்டும் நடக்கவில்லை. சட்டமன்றங்கள் எங்கேயும் ஒன்றுதான்.

சாக்லேட் தூவல், சம்பல்: அமெரிக்காவைத் தாண்டி ஹாலந்துக்குப் போனால் பீநட் பட்டருக்குப் பெயரே வேறு. வெண்ணெய் என்ற பெயரை நிஜ வெண்ணெய்க்கு மட்டும்தான் வைக்கலாம் என்று அங்கே சட்டம் இருந்ததால், 'கடலைப் பாலாடைக்கட்டி' என்று வைத்துவிட்டார்கள். காலையில் அதன்மேல் சாக்லேட் தூவிச் சாப்பிடுகிறார்கள். அவர்களிலேயே இன்னொரு கோஷ்டி இந்தோனேஷிய சம்பல் தடவுகிறது. அதாவது மிளகாய் விழுது. ஆக, என் காரப் பரிசோதனைக்கு ஐரோப்பாவிலேயே ஆதரவு உண்டு. எண்ணெயைத்தான் குறைத்திருக்க வேண்டும். இப்போது எண்ணெய் இல்லாத உப்பு எலுமிச்சை ஊறுகாயைப் பொடியாக நறுக்கி வைத்துப் பார்க்கிறேன். அபாரம்!

எதைச் சேர்ப்பது என்பது நம் இஷ்டம். ஆனால் பீநட் பட்டரில் கடலை எவ்வளவு இருக்க வேண்டும் என்பது அரசாங்க விஷயம். 90 சதவீதம் என்றது அமெரிக்க அரசு. 87 போதும் என்றார்கள் தயாரிப்பாளர்கள். இந்த மூன்று சதவீதத்துக்காக 1959-ல் ஆரம்பித்த சண்டை 1970-களின் தொடக்கத்தில்தான் ஓய்ந்தது. 90 ஜெயித்தது. உங்கள் ஆபீஸில் மூன்று சதவீத இன்க்ரிமென்ட் ஃபைல் நகரவில்லை என்று அலுத்துக்கொள்ளாதீர்கள். முன்னுதாரணம் இருக்கிறது.

(பக்கத்து சீட்டுக்காரருக்கு ஒரு துண்டு நீட்டுமுன் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். வேர்க்கடலை சிலருக்கு உயிருக்கே ஆபத்தான அலர்ஜி.)

* * *

ஐந்தாவது வாரம். 'த்ரீ வே மேட்ச்' பாடம். நாம் கொடுத்த ஆர்டர், வந்து இறங்கிய சரக்கு, கையில் வந்த பில், மூன்றும் பொருந்தினால்தான் பணம் போக வேண்டும். அந்த அம்மா இருபத்தொன்பது வருஷமாக இதைச் செய்கிறார். பில்லைப் பார்த்த மாத்திரத்தில், "இந்த சப்ளையர் பிப்ரவரியில ரெண்டு தடவை பில் போடுவான், பாத்துக்கோ" என்பார். எந்தப் புத்தகத்திலும் இல்லாதது.

நான் சும்மா பேச்சுக்குக் கேட்டேன். "இதெல்லாம் எங்க கிட்ட கொடுத்துட்டு நீங்க அடுத்து எந்த டிபார்ட்மென்ட் மேடம்?"

ஹெட்போனில் சத்தமே இல்லை. லைன் போய்விட்டது என்று நினைத்து 'ஹலோ, ஹலோ' என்றேன்.

"உனக்குச் சொல்லலையா? மார்ச் கடைசியோட எங்க எல்லாருக்கும் முடியுது. பதினோரு பேர்."

எனக்கு என்ன பேசுவது என்று தெரியவில்லை. இருபத்திரண்டு வயசு. 'ஸாரி மேடம்' என்றேன். அது 'தப்பான நம்பர், ஸாரி' என்கிற மாதிரி ஒலித்தது. அவர்தான் சமாளித்தார்.

"நீ என்ன பண்ணுவே? உனக்கும் ஒரு வேலை வேணும். தப்பில்லாம கத்துக்கோ, அது போதும். சாப்பிட்டியா?"

அன்றைக்கு ராத்திரி கேன்டீனில் இட்லி இறங்கவில்லை. இரட்டைப் பதிவு முறையை அன்றைக்குத்தான் நிஜமாகப் படித்தேன். என் பக்கத்தில் பதினான்காயிரம் ரூபாய் வரவு விழுந்தபோது, எங்கேயோ ஒரு பக்கத்தில் பற்று எழுதியிருக்கிறார்கள். நான்தான் அந்தப் பக்கத்தைத் திருப்பிப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் வேலையை விட்டிருப்பேனா? மாட்டேன். வீட்டில் தங்கை கல்யாணம், அப்பாவுக்கு மருந்து. ஆனாலும் பார்க்காமல் இருந்தது ஒரு மாதிரிதான்.

எங்கள் எட்டு வாரம் முடிந்த வெள்ளிக்கிழமை அவர் செயல்முறை விளக்கக் கோப்பை அனுப்பினார். அறுபது பக்கம். கடைசிப் பக்கத்தில் ஒரு சின்ன அட்டவணை.

திங்கள் - திராட்சை ஜெல்லி.
செவ்வாய் - வாழைப்பழம்.
புதன் - தேன்.
வியாழன் - பிக்கிள் (காரம் இல்லாதது).
வெள்ளி - வீட்டில் என்ன மிச்சமோ அது.

மறு மாசம் தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு அந்தப் பக்கத்தைப் 'பொருத்தமற்றது' என்று கண்டுபிடித்து நீக்கிவிட்டது. எங்கள் தளத்தில் பேனா, பேப்பர் கொண்டுபோகத் தடை. எழுதி வைத்துக்கொள்ளவும் முடியாது. அதனால் மனப்பாடம் பண்ணிவிட்டேன். அறுபது பக்கத்தில் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருப்பது அந்த அஞ்சு வரிதான்.

* * *

பத்து வருஷம் கழித்து, 2023. பில்லைத் தானே படித்து, தானே பொருத்தி, தானே பணம் அனுப்புகிற மென்பொருள் வந்தது. அதற்குப் பாடம் எடுக்க ஆள் வேண்டுமே? என்னைத்தான் போட்டார்கள். மூன்று மாசம். அது தப்புப் பண்ணும், நான் திருத்துவேன். மறுபடி பண்ணும், மறுபடி திருத்துவேன். மூன்றாவது மாசம் தப்பே பண்ணவில்லை. எனக்கு வேலையும் இல்லை.

கெட்டிக்கார மெஷின்தான். பிப்ரவரியில் இரண்டு தடவை பில் போடுகிறவனையும் பிடித்துவிட்டது. அது அந்த அம்மா எனக்குச் சொன்னது. நான் அதற்குச் சொன்னது. ஒரே ஒரு குறை. மூன்று மாசத்தில் ஒரு நாள்கூட அது என்னைப் பார்த்து 'சாப்பிட்டியா?' என்று கேட்கவில்லை.

அப்புறம்தான் நான் எழுத்தாளன் ஆனேன். (வேலை போனவர்கள் எல்லோரும் இப்படிக் கிளம்பினால் தமிழ் என்ன ஆவது என்று கேட்காதீர்கள்.) மத்தியானச் சாப்பாடு வீட்டிலேதான். மனைவி ஆபீஸ் போன பின் கால் கிலோ கடலையை வறுத்து, தோலை ஊதி, ஒரு சிட்டிகை உப்புப் போட்டு மிக்ஸியில் ஓட விடுகிறேன். முதலில் பொடியாகும். பயப்படக் கூடாது. ஓரத்தை வழித்துவிட்டு, மிக்ஸிக்கு மூச்சுவிட நேரம் கொடுத்துக் கொடுத்து ஓட்டினால், கடலை தன் எண்ணெயைத் தானே விட்டுக் குழைந்து வரும். ஒரு துளி வெளி எண்ணெய் வேண்டாம். தண்ணீர் மட்டும் படக் கூடாது. பட்டால் அது சட்னி. தாளித்து விடுங்கள்!

சரி, அந்த சூப்பர் மார்க்கெட் இளைஞர் என்ன ஆனார் என்று கேட்கிறீர்களா? நான் மெல்ல அவர் பக்கத்தில் போய், "தம்பி, வீட்ல என்ன இருக்கு?" என்றேன்.

ஏற இறங்கப் பார்த்தார். "பி.ஜி.ல இருக்கேன் சார். ஒண்ணும் இல்ல."

"இன்னிக்கு என்ன கிழமை?"

"செவ்வாய்."

"அப்போ வாழைப்பழம் வாங்கிக்குங்க."

"நீங்க டயட்டீஷியனா சார்?"

"இல்ல தம்பி. பி.காம்."

நகர்ந்தவர் திரும்பி வந்தார். "சார், நானும் பி.காம்தான். ஆபீஸ்ல புதுசா ஒரு சாஃப்ட்வேருக்கு டிரெய்னிங் கொடுக்கச் சொல்லியிருக்காங்க. நல்ல சான்ஸ்தானே?"

நான் ஒரு நிமிஷம் அவர் முகத்தையே பார்த்தேன். பிறகு அந்த அம்மா என்னிடம் கேட்டதையே அவரிடம் கேட்டேன்.

"சாப்பிட்டீங்களா?"

இல்லை என்றார். வெளியே டீக்கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் பேசினோம்.

கொசுறு: இந்தக் கட்டுரையை எழுதியது வெள்ளிக்கிழமை. வீட்டில் மிச்சம் இருந்தது பீநட் பட்டர் மட்டும். எதோடு சாப்பிட்டேன் என்கிறீர்களா? ஸ்பூனோடுதான். எடிட்டர் சார், போன மாசச் செக்கை அனுப்பினீர்கள் என்றால் ஜெல்லி வாங்கலாம் என்றிருக்கிறேன்!